பிழையுற

2025 ஆகஸ்ட் 9. வெள்ளவத்தையிலுள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்று, "பிழையுறத் தமிழ் எழுதுவோம்" என்னும் வரியின் கீழ் என் பெயரையும் படத்தையும் இட்டு முகநூலில் விளம்பரம் செய்துள்ளது. திருத்துமாறு கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.

அங்கு நான் நடத்தவிருக்கும் வகுப்புக்கென எழுதிக் கொடுத்த சொல் "பிழையற". பிழை இல்லாமல் என்பது அதன் பொருள். ஓர் அகரம் உகரமானதும், பிழை உண்டாகும்படி என்றாகிவிட்டது. ஆயுள் முழுவதும் இலக்கணம் கற்பித்த இந்தச் சவுந்தரநாயகம் இனிப் பிழைபட எழுதக் கற்பிப்பாராம்.

விளம்பரத்தின் கீழேயே திருத்தத்தை எழுதினேன். "சந்தியும் பிழை" என்றார் ஒரு மேதை. செயவென் எச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்று விதியோடு விளக்கினேன். "விளங்கினால் போதாதா?" என்றார் இன்னொருவர். அவருக்கும் பதில் எழுதினேன். ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

பயன் இல்லாமற்போகவே நேரில் சென்றேன். நிலையத்தை நடத்தும் பிரியந்தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு கோடு செங்குத்தாக ஏறி நின்றது.

"எங்கட பேஜில இப்பிடி ஒரு போஸ்ட் போனதே இல்ல சேர். லைக் குறைவு. எல்லாம் கொமெண்ட்தான். அதில அரைவாசி நீங்கள் போட்டது."

"மிச்சம்?"

"உங்களுக்கு வந்த மறுமொழி. அந்தச் சந்தி விளக்கத்துக்குக் கீழதான் பெரிய சண்டை. நீங்கள் ஒவ்வொருக்கா எழுதேக்கையும் அது புது ஆக்களிட்டப் போகுது."

"அப்ப வகுப்பில எத்தினை பேர் சேர்ந்தவை?"

"ஒருத்தரும் இன்னும் இல்ல. அது வேற விசயம் சேர். இது ரீச், எத்தினை பேரிட்டப் போய்ச் சேருது எண்ட கணக்கு."

"பிழையைத் திருத்தும் தம்பி."

"திருத்தினா சண்டை நிண்டுபோகும். அடுத்த கிழமைக்கு 'இலக்கனம்' எண்டு போடுவம் எண்டு யோசிச்சனான்."

"என்ர பேரையாவது எடும்."

"உங்கட பேரை எடுத்தா ஆர் சேர் கோவிப்பினம்?"

எழுத்துப் பிழையைக் கவனக்குறைவு எனலாம். இதை என்னவென்பது? சொல்லைச் சிதைத்து, அதைப் பார்த்துப் பதறுபவனைக் கூலியில்லாத விளம்பரக்காரனாக்கும் தொழிலுக்கு "ரீச்" என்று பெயராம்.

வீட்டில் என் மனைவி நாகேஸ்வரி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப இவ்வளவு நாளும் அவன்ர கடைக்கு நோட்டீஸ் குடுத்திருக்கிறியள்."

உடனே உட்கார்ந்து என் பின்னூட்டங்கள் அனைத்தையும் அழித்தேன். அவற்றோடு கீழிருந்த சண்டைகளும் மறைந்தன. விளம்பரம் ஓய்ந்ததென்றே எண்ணினேன். மாலையில் என் பழைய மாணவி சுபோதினி, "எங்கள் சேரை இப்படி அவமதிக்கலாமா?" என்று எழுதி அதைப் பகிர்ந்திருந்தார். சொல்லையும் சரியாகவே திருத்தியிருந்தார். அதன் கீழே மறுபடியும் கூட்டம், மறுபடியும் சந்தி.

ஆகவே, வாசகரே, உம்மிடம் கேட்கிறேன். அந்த விளம்பரத்தைக் கண்டால் திருத்தாதீர். எனக்காகப் பரிந்து பேசாதீர். அடுத்த கிழமை "இலக்கனம்" வந்தாலும் வாய் திறவாதீர். ஏற்கெனவே ஏதேனும் எழுதியிருந்தால், அது எவ்வளவு பிழையற்றதாக இருப்பினும், இன்றே அழித்துவிடும்.