மலரன்ரி வாசித்த கடிதம்

இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்தும் அஜிதாவுக்கு ஒரே கிழமையில் கடிதம் வந்தது. அவளுடைய அப்பா சிவகுருநாதன், தான் வேலை செய்யும் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்று முதலாளி கேட்டதற்கு, "இரண்டும்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்று, ரைன் ஆற்றங்கரையில் கண்ணாடிக் கட்டடமாக நின்ற தனியார் பல்கலைக்கழகம். புது மாணவர்களுக்குச் சுற்றிக் காட்டும் நாளன்று போனபோது வாசலிலேயே பெயர் அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மத்தியானம் மீன் கொடுத்தார்கள். கட்டணத்தை மட்டும் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. அது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அப்பா அந்த இலக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

மற்றது, டோர்ட்மண்டில் அவர்கள் வீட்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். அரசாங்கப் பல்கலைக்கழகம், சாம்பல் நிறக் கொங்கிறீட், பழுதான லிஃப்ட். ஆனால் பொருளியல் பிரிவில் முப்பது பேரை மட்டும் தெரிந்தெடுத்து ஆனர்ஸ் வகுப்பு ஒன்று நடத்தினார்கள். கட்டணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நேர்முகத்தில் இருந்த பேராசிரியை அஜிதாவின் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "ஹவுப்ட்ஷூலேயிலிருந்தா வந்தாய்? எப்படி ஏறினாய்?" என்று கேட்டார். எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி அது. அவர் தாழ்த்தவில்லை. அஜிதாவுக்கு அது பிடித்திருந்தது.

இங்கே ஜேர்மனியில் பிள்ளைகளை நாலாம் வகுப்போடு பிரித்துவிடுவார்கள். கெட்டிக்காரருக்குக் கிம்னாசியம், நடுத்தரத்துக்கு றியால்ஷூலே, மிச்சப் பேருக்கு ஹவுப்ட்ஷூலே. அந்தக் கடைசிப் பள்ளிக்கூடத்தில் போடப்பட்ட பிள்ளை அநேகமாகப் பதினாறு வயதில் ஒரு தொழில் பழகப் போய்விடும். அஜிதா போகவில்லை. பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்து, இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாறி, தன்னை ஒருவரும் எதிர்பார்க்காத வகுப்பறைகளில் மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்து, 2005ஆம் ஆண்டு அபிட்டூர் என்ற பள்ளி இறுதிப் பரீட்சையை ஒன்று தசம் இரண்டு என்ற புள்ளியோடு முடித்தாள். இங்கே ஒன்றுதான் ஆகச் சிறந்த புள்ளி.

ஆனர்ஸ் வகுப்புக்கே போகலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாள். வீட்டைக் கடனுக்குள் இறக்க அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடவேண்டும். பதிவுக்கு முதலாம் வகுப்பிலிருந்து எல்லாச் சான்றிதழ்களும் தேவைப்பட்டன. அதனால்தான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மாவின் கறுப்புக் கோப்பை முதல் தடவையாகத் தன் கையால் திறந்தாள்.

அந்தக் கோப்பு அலுமாரிக்கு மேலே, சூட்கேசுக்குள் இருந்தது. அகதி வழக்குக் கடதாசிகளும் விசாக்களும் அதற்குள் இருந்ததால் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. வந்த கடிதம் எதையும் அம்மா கமலநாயகி எறிந்ததில்லை. வாசிக்கத் தெரியாத கடதாசியில் எது முக்கியம் எது முக்கியமில்லை என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்.

தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் அது இருந்தது. நாலாம் வகுப்பு ஆசிரியை 1996 தை மாதம் எழுதிய சிபாரிசுக் கடிதம். 'அஜிதா விரைவாகவும் தானாகவும் கற்கிறாள். தயக்கமின்றிக் கிம்னாசியத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.' அதனோடு கிளிப் போட்டு, பள்ளிக்கூடத்தைத் தெரிந்தெடுக்கும் படிவத்தின் பிரதி. சிபாரிசு என்னவாக இருந்தாலும் கடைசி முடிவு பெற்றோருடையது. பெற்றோரின் விருப்பம் என்ற கட்டத்தில் ஹவுப்ட்ஷூலே என்று நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த, வால் நீண்ட எழுத்தில் இருந்தது. கீழே அம்மாவின் தமிழ்க் கையொப்பம்.

அந்த நீல எழுத்தை அடையாளம் தெரியாத தமிழ்க் குடும்பம் டோர்ட்மண்டில் இல்லை. புஷ்பமலரின் எழுத்து அது. எண்பத்து நாலில் வந்து, கன்னியாஸ்திரிகளின் விடுதியில் இருந்து பாஷை படித்தவர். டொக்டரிடம், வெளிநாட்டவர் அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், யாருக்கு டேர்மின் என்று சந்திப்பு நேரம் குறித்திருந்தாலும் நடுவில் ஒரு கதிரை போட்டு மலரன்ரி இருப்பார். காசு வாங்கமாட்டார். நன்றியை மட்டும் வாங்குவார், அதையும் நாலு பேர் முன்னால்.

அஜிதாவுக்கு அந்தத் தை மாதம் நினைவிருந்தது. ஆசிரியை தன்னைக் கூப்பிட்டு, "நீ கிம்னாசியத்துக்குத்தான் போவாய்" என்று சொன்னதை வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். அம்மா மலரன்ரியிடம் கேட்டார். ஆசிரியைமார் பிள்ளைகளின் மனம் நோகாமல் இருக்க அப்படித்தான் சொல்வார்கள், கடிதத்தில் வேறு மாதிரித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அஜிதா விடவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றாம் தடவை அம்மா அகப்பைக் காம்பால் அடித்தார். பொய் சொன்னதற்காக.

அதே வகுப்பில் படித்த மலரன்ரியின் மகள் டொறத்தி கிம்னாசியத்துக்குப் போனாள். இப்போது ரைன் ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்துக்கும் போகப்போகிறாள்.

அன்றைக்கு அஜிதாவின் முடிவு மாறியது. கடன் வந்தாலும் சரி, அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கே போவேன் என்று நினைத்தாள். டொறத்திக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். ஒவ்வொரு பரீட்சையிலும் அவளுக்கு மேலே வருவேன். ஒவ்வொரு தடவையும் அது மலரன்ரியின் காதுக்குப் போகும்.

புதன்கிழமை பின்னேரம், காரணம் சொல்லாமல் அம்மாவை மலரன்ரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா வழக்கம்போல ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டார்.

"அதை வைச்சிட்டு வாங்கோம்மா."

"வெறுங்கையோட போறதே? உனக்கு என்ன பிடிச்சது?"

மலரன்ரியின் வரவேற்பறையில் ரெலிபோனுக்குக் கீழே ஒரு தட்டு. அதில் மற்றவர்களின் கடிதங்கள் உடைக்கப்படாமல் வாசிப்புக்குக் காத்துக் கிடந்தன. பதினைந்து, இருபது இருக்கும்.

"வா கமலா, இரு. பிள்ளையின்ர ரிசல்ட்ஸ் கேள்விப்பட்டனான். ஹவுப்ட்ஷூலேக்குப் போன பிள்ளை இவ்வளவு தூரம் வந்தது பெரிய விசயம். எனக்கே நம்ப ஏலாமல் கிடக்கு."

"எல்லாம் உங்கட உதவியும்தான் மலரக்கா" என்றார் அம்மா.

அஜிதா கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "அன்ரி, இதை அம்மாவுக்கு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

"எனக்கேன் பிள்ளை? உனக்கு என்னைவிட நல்லா ஜேர்மன் வருமே."

"அப்ப வாசிச்சது நீங்கள். அதுதான்."

மலரன்ரி கண்ணாடியைப் போட்டார். கடதாசியைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் அசையவில்லை, ஒரு விரல் மட்டும் மேசை விரிப்பின் நூலைத் தேடியது. "இது பழைய கடதாசி. ஏன் இப்ப உதெல்லாம்?"

"ஒவ்வொரு வசனமா வாசியுங்கோ. எங்களுக்கு அவசரமில்லை."

தேத்தண்ணித் தட்டோடு டொறத்தி உள்ளே வந்தாள். நல்ல பெண், யாரோடும் சிரித்துக் கதைப்பவள். தட்டை வைத்துவிட்டுத் தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ஆ, எங்கட நாலாம் வகுப்பு ரீச்சர். மம்மி, இதில அஜிதாக்கு கிம்னாசியம் எண்டு எழுதிக் கிடக்கு. பிறகேன் இவ ஹவுப்ட்ஷூலேக்குப் போனவ?"

டொறத்தி இரண்டாவது தாளையும் புரட்டினாள். "இது உங்கட எழுத்தெல்லோ."

அம்மாவுக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது. ஆனால் மலரன்ரியின் முகத்தை இருபது வருடம் பார்த்து வந்தவர். "மலரக்கா, நான் உங்களிட்ட மூண்டு தரம் கேட்டனான்" என்றார் மெதுவாக. "பிள்ளை இப்பிடிச் சொல்லுறாள் எண்டு மூண்டு தரம்."

"கமலா, நீ யோசிச்சுப் பார். உங்கட வீட்டில ஒருத்தருக்கும் பாஷை தெரியாது. அங்க போனால் ஆர் சொல்லிக் குடுக்கிறது? பிள்ளை பாதியில விட்டிட்டு வந்து நிண்டிருக்கும். நான் நல்லதுக்குத்தான்…"

"அதை எங்களிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா.

"சொன்னால் விளங்கியிருக்குமோ உங்களுக்கு?"

அந்த ஒரு வசனத்தோடு எல்லாம் முடிந்தது. அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

டொறத்தி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "மம்மி, எனக்கு ரீச்சர் என்ன எழுதினவ?"

"போய்ச் சீனியை எடுத்துக்கொண்டு வா."

"சீனி இங்க இருக்கு. எனக்கு என்ன எழுதியிருந்தது?"

மலரன்ரி சீனிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். டொறத்தியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை அஜிதா பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பில் பெருக்கல் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அஜிதாதான். இந்தப் பெண் தனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இறங்கியது. அதை அவள் தனக்குத்தானே மறைக்கவில்லை.

அம்மா எழும்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேசையில் இருந்த ரோல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

ட்ராமில் இருவரும் அந்த ரோல்ஸைச் சாப்பிட்டார்கள். நாலாவதை முடித்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். "நீ அந்தப் பெரிய யூனிக்கே போ. என்ர தாலிக்கொடியை அடகு வைப்பன். அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகட்டும். அவவின்ர மகளுக்குப் பக்கத்தில போய் இரு நீ."

அஜிதா நேற்று நினைத்ததை அம்மா அப்படியே சொன்னார். இன்னொரு வாயிலிருந்து வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. ஒருதரம் மலரன்ரி தன் நீலப் பேனாவால் அவளுக்குப் பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்தார். இப்போது பேனா இல்லாமலே அவர்தான் பல்கலைக்கழகத்தையும் எழுதுகிறார். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிக்கொண்டு.

அதைவிட இன்னொன்றும் இருந்தது. ரைன் கரைக்குப் போனால் அவள் டோர்ட்மண்டில் இருக்கமாட்டாள். ரெலிபோனுக்குக் கீழே அந்தத் தட்டு அப்படியே இருக்கும். கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும். அடுத்த தை மாதமும் யாரோ ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையின் கடிதத்தை மலரன்ரி வாசிப்பார். பரீட்சைப் புள்ளிகள் அவருக்கு எங்கே நோகும்? ஒரு நாள் முகம் சுளித்துவிட்டு மறந்துவிடுவார். அந்தத் தட்டு வெறுமையாகக் கிடந்தால்தான் நோகும்.

"நான் கிட்ட இருக்கிற யூனிக்குத்தான் போறனம்மா."

"பயந்திட்டியோ?"

"இல்லை. இங்க எனக்கு வேலை இருக்கு."

வெள்ளிக்கிழமை இரண்டு பதில்களையும் தபாலில் போட்டாள். ஆனர்ஸ் வகுப்புக்கு ஓம். மற்றதற்கு, நன்றி, வரவில்லை.

கோடை விடுமுறை முடிந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி திறந்த நாளில், வாசலில் இருந்த அறிவித்தல் பலகையில் மூன்று தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் குத்தினாள். முதலாவது, ஆசிரியையின் கடிதத்தின் பிரதி, கீழே தமிழில் மொழிபெயர்ப்பு. இரண்டாவது, நீல எழுத்துப் படிவத்தின் பிரதி. வர்ணப் பிரதி, அதற்கென்று கடை தேடிப் போய் எடுத்தது. மூன்றாவதில் அவள் எழுதியது இவ்வளவுதான்: 'பள்ளிக்கூட டேர்மின்களுக்கு மொழிபெயர்க்க வருவேன். கடிதத்தில் இருப்பதை அப்படியே வாசிப்பேன். அஜிதா சிவகுருநாதன்.' தொலைபேசி இலக்கமும் போட்டாள். மலரன்ரியின் பெயரை எங்கும் எழுதவில்லை. தேவைப்படவும் இல்லை. பலகைக்கு முன்னால் நின்ற தாய்மாரில் ஒருத்தி நீல எழுத்தில் விரலை வைத்தாள், இன்னொருத்தி வாயில் கையை வைத்தாள். பின்னேரத்துக்குள் முதல் அழைப்பு வந்தது.

ஐப்பசி மாதம், வகுப்புத் தொடங்கும் நாள் காலையில், ரயில் மேடையில் மலரன்ரியின் கணவர் ஜேசுரட்ணம் அவளுக்காகக் காத்து நின்றார். தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார், வேலைச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. வாழ்க்கையில் யாரையும் அதட்டிப் பேசாத மனிதர்.

"பிள்ளை, நீ செய்தது பிழை எண்டு நான் சொல்ல வரேல்ல. அவ செய்தது எனக்கும் தெரியாது. உன்னட்ட ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ அங்கிள்."

"டொறத்தி போய் ஒரு மாதமாகுது. தாயோட கதைக்கிறேல்ல. ரெலிபோன் எடுத்தால் என்னை மட்டும் கேக்கிறாள். வீட்டுக்கு ஒருத்தரும் வாறேல்ல, ஒரு கடிதமும் வாறேல்ல. அவ காலமை எழும்பி அந்த ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறா." அவர் தொப்பியைக் கழற்றினார். "அந்தப் பேப்பரைக் கழட்டிவிடு. எல்லாரும் பாத்திட்டினம்தானே."

அஜிதா அவரைப் பார்த்தாள். பத்து வயதில் தன்னை டொறத்தியோடு சேர்த்து மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். தனக்குள் இரக்கம் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவர்மேல் வந்தது. அந்த வீட்டுக்குள் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பவர்மேல் வரவில்லை.

"அங்கிள், சிபாரிசுக் கடிதங்கள் தை மாதம்தான் வரும். இந்த வருசம் ஒன்பது பிள்ளையள் நாலாம் வகுப்பில இருக்கினம். அந்தக் கடிதங்களை நான் வாசிச்சு முடிக்கும்வரைக்கும் பேப்பர் அங்கயே இருக்கும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு அடுத்த வருசத்து நாலாம் வகுப்பு வருமே."

அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினார். ரயில் வந்தது. அஜிதா ஏறினாள். ஒன்பது பெயர்களும் அவளுக்குப் பாடமாகியிருந்தன. பல்கலைக்கழக நிலையம் வரும்வரை அவற்றை ஒழுங்காகத் தன் கொப்பியில் எழுதினாள். முதல் வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய், முன் வரிசையில் இருந்தாள்.