முந்தின வீட்டுக்காரர்

"முந்தின வீட்டுக்காரரு நம்பர் ஒன்னு வேணும்மா" என்று மேவிஸ் கேட்டதும், ஜன்னல் கொக்கியைப் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கை நின்றது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யோகேஸ்வரி என்று பெயர் சொன்னாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். கியா பார்மில் வேலையாட்களுக்கான கொட்டகையில் நான்கு பெண்களோடு தங்கி ஸ்ட்ராபெர்ரி பறித்தவளுக்கு இப்போது ரிங்லெட்டில் ஒரு காய்கறிக் கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. லெம்பா பெர்த்தாமில் மேவிஸ் வீட்டின் கீழ்ப்பக்கம் தனி வாசல் வைத்த அறை ஒன்று காலியாக இருப்பதாக யாரோ சொல்லி, கிடங்கிலிருந்து நடந்தே வந்திருந்தாள். சுவரில் இடுப்பு உயரத்தில் ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டி "இது என்னா ஆண்ட்டி?" என்று கேட்டாள். மேலே அணையைத் திறந்துவிட்டு வெள்ளம் வந்த வருஷம் சேறு நின்ற அளவு அது. எத்தனை முறை சாயம் அடித்தாலும் மழைக்காலத்தில் மேலே வந்துவிடும்.

"பயப்படாதம்மா. இப்ப சைரன் வச்சிருக்காங்க. மாசா மாசம் ஊதிப் பாப்பாங்க."

"சேத்துக்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன் ஆண்ட்டி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் இப்போது இல்லை.

"அவருகிட்ட கேட்டே ஆவணுமா?"

"என் மகன் கேக்கச் சொல்றான்லா. இப்ப எல்லாரும் கேக்குறாங்களாம்."

"ஆமா ஆண்ட்டி. எல்லாரும் கேக்குறாங்க. ரெண்டு எடத்துல நம்பர் தரமாட்டேன்னேன். ரூம் இல்லைன்னுட்டாங்க." கைப்பேசியை எடுத்துத் தேடாமல், மனப்பாடமாக எண்ணைச் சொன்னாள். "தப்பா ஒன்னும் சொல்லமாட்டாரு. வெளியாளுங்ககிட்ட நல்லாத்தான் பேசுவாரு. நான் எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவள் போன பிறகு மேவிஸுக்கு மனம் நிலைகொள்ளவில்லை. பழைய வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒளிந்து வாழ்கிறவள் எப்படிப்பட்ட குடித்தனக்காரியாக இருப்பாள்? ஜொகூர் பாருவில் இருக்கும் மகன் மெல்வின் இதற்குத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "பழைய லேண்ட்லார்டுகிட்ட விசாரிக்காம யாரையும் உள்ள விடாதம்மா." அவனுக்குத் தெரியாத ஒன்று, இந்த அறையை மேவிஸ் வாடகைக்காக விடவில்லை என்பது. தேயிலைத் தொழிற்சாலையில் லோரி ஓட்டிய கணவர் மைக்கல் இறந்து இரண்டாவது வருஷம் நடக்கிறது. வாரத்தில் பாதி நாள் அவள் குரலை அவளே கேட்பதில்லை. வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பாட வாய் திறக்கும்போது முதல் வரி கரகரவென்றுதான் வரும். தன் காலடி அல்லாத வேறொரு காலடி இந்த வீட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. விசாரிக்காமலே சாவியைக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை போனில் மெல்வின் கேட்பானே என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலை துணி காயப்போட்ட கையோடு கொல்லையிலேயே நின்று அந்த எண்ணை அழைத்தாள்.

எடுத்தவரின் குரல் கனமாகவும் தணிவாகவும் இருந்தது. பின்னால் ஏதோ இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வணக்கம் சார். யோகேஸ்வரின்னு ஒரு பொண்ணு எங்க வீட்டுல ரூம் கேட்டிருக்கு. முன்ன உங்க வீட்டுலதான் இருந்துச்சாம். எப்படி என்னான்னு கேக்கலாம்னு..."

இன்ஜின் அணைந்தது.

"கேளுங்கக்கா."

"வீட்ட சுத்தமா வச்சிக்குமா?"

"நான் நடந்து போவ போவ பின்னாலயே தொடைச்சிக்கிட்டு வரும். அவ்ளோ சுத்தம்."

வீட்டுக்காரரும் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறார் என்று மேவிஸ் நினைத்துக்கொண்டாள். "சத்தம், சண்டை ஏதும்?"

"அது சத்தமே போடாதுக்கா. என்னா செஞ்சாலும் சத்தம் போடாது."

நல்ல குணம் என்றுதான் அப்போது அவள் காதில் விழுந்தது. "அப்புறம் ஏன் சார் வீட்ட விட்டுப் போச்சு?"

"அதான் எனக்கும் தெரியல. லோட் எறக்கிட்டு வந்து பாக்குறேன், அடுப்புல சோறு இருக்கு, ஆளக் காணோம். தாலிய கழட்டி அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டுப் போயிருக்கா."

மேவிஸ் காயப்போட்ட போர்வையைப் பிடித்துக்கொண்டாள். மெல்வின் சொன்னது லேண்ட்லார்ட். அதை அவள்தான் தமிழில் வீட்டுக்காரர் ஆக்கினாள். வாழ்நாள் முழுவதும் மைக்கலை அவள் "எங்க வீட்டுக்காரரு" என்றே சொல்லி வந்திருக்கிறாள், அப்போதெல்லாம் அந்தச் சொல் இப்படி இரண்டு பக்கமும் திறக்கும் என்று தோன்றியதில்லை. எல்லாரும் கேக்குறாங்க என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னா செஞ்சாலும் சத்தம் போடாது என்பதும் இப்போதுதான் முழுதாகக் கேட்டது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? நீங்க எந்த ஊரு? இப்பல்லாம் நான் குடிக்கிறதில்லக்கா. ஒரு தடவ பாக்கணும், அவ்ளோதான். வீட்டுல பேச ஒரு ஆளு இல்ல."

கடைசியாகச் சொன்னது மேவிஸ் அன்றாடம் அனுபவிப்பது. பொய் சொல்கிறவன் அதை இந்தக் குரலில் சொல்ல முடியாது. அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லியிருப்பாளோ, பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் அணைப் பக்கமிருந்து சைரன் ஊதத் தொடங்கியது. மாதாமாதம் கேட்டுக் கேட்டு அவள் காதில் விழாமலே போய்விட்ட சத்தம். மலை முழுக்க ஏறி இறங்கி ஓய்ந்தது.

மறுமுனையில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேம் சைரன்" என்றார். தணிவு அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் சேர்ந்திருந்தது. "பெர்த்தாம்ல காய்கறி, கோபிஸ்னு லோரில ஏத்தாத வாரமே இல்லக்கா எனக்கு. தெரியாத எடமா."

மேவிஸ் இணைப்பைத் துண்டித்தாள். கைப்பேசி திரும்பத் திரும்ப அடித்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் யோகேஸ்வரி வந்தாள். தோளில் ஒரே ஒரு துணிப்பை. "பேசினீங்களா ஆண்ட்டி?"

"நான் ஓனரத்தாம்மா கேட்டேன். வீட்டு ஓனர."

யோகேஸ்வரி புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கொட்டாய்க்கு ஏது ஆண்ட்டி ஓனரு? மத்தவங்க எல்லாம் அவரத்தான் கேப்பாங்க. நீங்களும் அதான்னு நெனச்சேன்."

"நான் ஊர சொல்லல. பேசிட்டு இருக்கறப்ப சைரன் ஊதிருச்சு. கண்டுபுடிச்சிட்டாரு."

சிரிப்பு நின்றது. தோளிலிருந்து நழுவிய பையை மேலே இழுத்துவிட்டாள். "அப்ப சரி ஆண்ட்டி. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு. நான் வேற எங்கயாச்சும் பாத்துக்குறேன்."

போகவிடு என்றுதான் மெல்வின் சொல்வான். அவன் சொல்வதில் நியாயமும் இருக்கும். தேயிலைச் சரிவிலிருந்து பனி இறங்கி, சாலையின் வளைவை மறைக்கத் தொடங்கியிருந்தது.

"பைய கீழ வை" என்றாள் மேவிஸ்.

வீட்டைச் சுற்றிப் போய், கொல்லையில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அடியிலிருந்து மைக்கலின் ரப்பர் பூட்ஸை இழுத்தெடுத்தாள். அவர் போன பிறகு யாரும் தொடாதது. உள்ளே கூடு கட்டியிருந்த சிலந்தியைத் தட்டிவிட்டு, குழாயடியில் வைத்துக் கழுவினாள். பெரிய கால் மைக்கலுக்கு. கீழ் அறை வாசற்படியில், யோகேஸ்வரி கழற்றி விட்டிருந்த ரப்பர் ஜப்பான் செருப்புக்குப் பக்கத்தில் அவற்றை வைத்தாள்.

"யாருது ஆண்ட்டி?"

"எங்க வீட்டுக்காரரோடது."

இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்து நிற்பது கடையில் அடுக்கியது மாதிரி இருந்தது, இப்போதுதான் ஒருவர் கழற்றிவிட்டு உள்ளே போனது மாதிரி இல்லை. மேவிஸ் குனிந்து ஒன்றைச் சாய்த்து, மற்றொன்றைச் சற்றே தள்ளிவைத்தாள். மைக்கல் எப்போதும் அப்படித்தான் கழற்றிப் போடுவார், அவள் எப்போதும் திட்டுவாள்.

மேட்டில், பனிக்குள், ஏதோ ஒரு லோரி கியர் மாற்றி இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிச் சாலையைப் பார்க்கவில்லை. ஈரம் சொட்டும் அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.