கைப்பிடிக்கு எதுக்கு கரண்ட்?

பம்பாய் மாட்டுங்காவில் இருந்த சபாவுக்கு மைக் செட் அமர்த்துவதென்றால் கமிட்டி முதலில் செட்டைப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கண்ணால்தான். அதைப் போட்டுக் காதால் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. கச்சேரி கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர்கள். பரீட்சைக்கு அதைப் போய் எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று விட்டிருக்கலாம்.

காரியதரிசி வேங்கடசுப்ரமணியன் கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் சூப்பரின்டெண்ட். கையில் இருந்த பென்சிலால், தாராவியில் மைக் செட் வாடகைக்கு விடும் இசக்கிமுத்துவின் ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார்.

"என்னப்பா இது?"

"ஆம்ப்ளிஃபயர் சார்."

"அது தெரியறது. இந்தக் கைப்பிடியைக் கேக்கறேன். கறையான் புத்து மாதிரி இருக்கே."

"சத்தம் கணீர்னு இருக்கும் சார்."

"சத்தம் கிடக்கட்டும். பாகவதருக்குப் பக்கத்துல மேடையில உக்காரப்போற வஸ்து இது. மூணு மணி நேரம் ஜனங்க எதைப் பாப்பா? செம்பூர்லேர்ந்து ஞானதுரைன்னு ஒருத்தன் வந்தான். அவன் செட்டு முன்னாடி உக்காந்து க்ஷவரம் பண்ணிக்கலாம், அப்படிப் பளபளன்னு இருக்கு."

இசக்கிமுத்து கைப்பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்; துருதான் கையோடு வந்தது. சபாவின் ராமநவமி உற்சவத்துக்கு எவன் மைக் கட்டுகிறானோ, மாட்டுங்காவின் கல்யாணம், பூணூல், சீமந்தம் எல்லாம் அந்த வருஷம் அவனுக்குத்தான். விட்டால் தாராவியில் தேர்தல் கூட்டங்களுக்கு மைக் கட்டிக்கொண்டு, காசுக்குத் தோற்ற கட்சிக்காரனைத் தேடி அலைய வேண்டியதுதான்.

"நாளன்னைக்குள்ள கண்ணாடி மாதிரி ஆக்கிட்டு வாரேன் சார்" என்றான்.

வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயர் அது. சோர் பஜாரில் வாங்கியது. எருமைக் கன்று கனம் இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் தடித்த இரும்புக் கைப்பிடிகள். பெட்டிக்கு ராணுவப் பச்சை பெயிண்ட் இருந்ததால் அது தப்பித்தது. கைப்பிடிகள் தப்பவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இசக்கிமுத்துவின் மனைவி ஆவுடையம்மாள் அவற்றுக்குத்தான் சந்தனம் குழைத்து அப்பினாள், குங்குமம் வைத்தாள், உடைத்த தேங்காயின் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் தெளித்தாள். தாராவியில் அவர்கள் குடியிருந்த அறையில் மழைக்காலத்துக்குச் சுவரே வியர்க்கும். பக்தியும் பருவமழையும் சேர்ந்து கைப்பிடிகளை அப்படி ஆக்கிவிட்டன.

வீட்டில் கைப்பிடிகளைக் கழற்றப் பார்த்தான்; திருகாணிகள் அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரைப் பொருத்தி, அதன் வாலில் சுத்தியலால் அடித்தான்.

"என்னத்துக்கு இந்த இடி இடிக்கிய? அது லச்சுமில்லா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"லச்சுமி வீட்டுக்கு வரணும்னுதான் இடிக்கேன்."

"நான் வச்ச சந்தனத்தாலதான் துருப்பிடிச்சுதுன்னு ஊர்ல போய்ச் சொல்லாதிய."

"நான் என்னத்தச் சொல்லதுக்கு? கைப்பிடியே சொல்லுதே."

கடைசியில் பெட்டியைத் திறந்து உள்பக்கத்து நட்டைத் திருப்பிய பிறகுதான் கைப்பிடி கழன்றது. ஒரு பக்கத்து நட்டுக்கு அடியில், நுனியில் வளையம் வைத்த ஒரு ஒயர் மாட்டியிருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வால்வுக்கும் போகவில்லை, காயிலுக்கும் போகவில்லை. நேரே கைப்பிடிக்கு வந்து நின்றது.

தாராவியிலேயே பெரிய மெக்கானிக் தான்தான் என்பது இசக்கிமுத்துவின் அபிப்பிராயம். வேறு யாரும் மறுத்துச் சொன்னதில்லை. யாரையும் அவன் கேட்டதும் இல்லை. அந்த மெக்கானிக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"கைப்பிடிக்கு எதுக்கு கரண்ட்? வெள்ளைக்காரனுக்கும் புத்தி மழுங்கும் போல" என்றான். ஒயர் நுனியில் டேப் சுற்றி ஒரு மூலையில் செருகிவிட்டான்.

கைப்பிடிகளை ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் போட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மணல் காகிதம் போட்டு எடுத்துக்கொண்டு, தோல் பட்டறைகளுக்குப் பின்னால் முலாம் பூசும் கடை வைத்திருந்த கரீம் பாட்சாவிடம் போனான்.

கரீம் பாட்சா கைப்பிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இதுல எது இரும்பு? துருவ எடுத்துட்டா என் கையில வெறும் காத்துதான மிஞ்சும்?"

"நிக்கல் போட்டுக் குடுங்க பாய். முகம் தெரியணும்."

"யாரு முகம்?"

"சபா செக்ரட்டரி முகம்."

"அந்த முகம் தெரிஞ்சு என்னத்துக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஆசிட் தொட்டியில் முக்கினார். முலாம் ஏறி, பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் கொடுத்து எடுத்தபோது அவரே அசந்துவிட்டார். "எங்க வீட்ல சைனப் கழுத்துல கிடக்கது கூட இப்படி மின்னாது அண்ணாச்சி. அவ கண்ணுல காட்டாமக் கொண்டு போயிருங்க."

வேங்கடசுப்ரமணியன் குனிந்து, பெட்டியில் மறுபடி மாட்டியிருந்த கைப்பிடியைப் பார்த்தார். நெற்றியில் கலைந்திருந்த விபூதியை அதில் பார்த்துச் சரிசெய்துகொண்டார். "பேஷ்! நீயே கட்டு. முதல் நாள் எப்படிப் போறதுன்னு பாத்துட்டு மிச்ச நாளைச் சொல்றேன்" என்றார்.

முதல் நாள் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு பாகவதரின் கச்சேரி. இசக்கிமுத்து சுவிட்சைப் போட்டான். 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கூடத்தை நிறைத்தது. மைக் ஒயரை மாற்றினான், பிளக்கைத் திருப்பிச் செருகினான், வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். போகவில்லை. பெட்டியை நகர்த்தலாம் என்று கைப்பிடியைப் பிடித்தான். சுள்ளென்றது, கையை எடுப்பதற்குள் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. எடுத்தான், பழையபடி ஏறியது.

டேப் சுற்றி மூலையில் செருகிய ஒயர் அவன் ஞாபகத்துக்கு வந்தது. ஊரறிந்த எர்த் ஒயர். இரைச்சல் வராமலிருக்க அதன் ஒரு நுனி பெட்டியைத் தொட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கைப்பிடி நட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது. நடுக் கச்சேரியில் பெட்டியைத் திறக்க முடியாது. பாகவதருக்குப் பக்கத்தில், சுவாமி பாதத்தைப் பிடித்த மாதிரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கை மரத்துப்போனதும் விட்டுவிட்டான்.

ஞானதுரை பின்வரிசையில் இருந்து எழுந்து வந்தான். மேடையோரமாகக் குனிந்து, "என்னவே அண்ணாச்சி, உம்ம பொட்டிக்குள்ள வண்டு கெடக்கா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் முன்வரிசையில் காரியதரிசியிடம் போனான்.

"சார், ஹம்மிங் அடிக்கி. உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன அடிக்கறது?"

"அந்த 'ம்ம்'னு வருதே சார்."

"அது தம்புரா."

"தம்புரா அந்தால இருக்கு சார். இது செட்டுலருந்து வருது."

"மிஸ்டர், சபா ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் காரியதரிசி. சுருதி எதுன்னு எனக்கு நீ சொல்லித் தராதே. தெரியலேன்னா பேசாம உக்காந்து கேளு."

சுற்றி இருந்தவர்கள் 'ஷ்ஷ்' என்றார்கள். ஞானதுரையின் கெட்ட காலம், அந்த இரைச்சல் பாகவதரின் பஞ்சமத்தோடு அப்படியே பொருந்தித் தொலைத்தது. பாகவதரே ஒருமுறை தம்புராக்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

கச்சேரி முடிந்ததும் வேங்கடசுப்ரமணியன் இசக்கிமுத்துவின் தோளில் கை வைத்தார். தாராவிக்காரன் தோளில் அந்தக் கை பட்டது அதுவே முதல் தடவை. "இத்தனை வருஷத்துல தம்புராவை இப்படி எடுத்துக் குடுத்த செட்டு கிடையாதுப்பா."

இசக்கிமுத்துவுக்கு ஒரு கணம்தான் திகைப்பு. "மிலிட்டரி செட்டு சார். அப்படித்தான் எடுக்கும்" என்றான்.

ஆனாலும் தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து, டேப்பைப் பிரித்து, ஒயரை நட்டுக்கு அடியில் மாட்டினான். அன்று சாயங்காலம் கூடம் கிணறு மாதிரி அமைதியாக இருந்தது. வித்துவான் மூச்சு வாங்கியது கேட்டது. ஸ்வரத்தைத் தவறவிட்டது கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒருவர் வெற்றிலைப்பெட்டியை மூடியது கேட்டது. தன் வாழ்நாளில் இதைவிடச் சுத்தமாக மைக் கட்டியதில்லை என்று இசக்கிமுத்து மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

இடைவேளையில் காரியதரிசி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னப்பா, நேத்திக்குக் கொண்டுவந்த செட்டு எங்கே?"

"இதேதான் சார்."

"பொய் சொல்லாதே. இன்னிக்கு உசிரே இல்லை. தம்புராவைக் காணோம். மொட்டைத் தலை மாதிரி இருக்கு. கைப்பிடியை மட்டும் கழட்டி ஏதோ மட்டமான பெட்டியில மாட்டிக் கொண்டுவந்துட்டியா?"

"சார், நேத்துதான் சார் தப்பு. ஒரு ஒயரு..."

"காரணமெல்லாம் வேண்டாம். அந்த ஞானதுரை வாசல்லயே நிக்கறான். அவனை உள்ளே கூப்பிடட்டுமா?"

இசக்கிமுத்து வாசலைப் பார்த்தான். ஞானதுரை அங்கேதான் நின்றான். தூணில் சாய்ந்து, கடலை தின்றுகொண்டிருந்தான்; அவசரமே இல்லாத மனுஷனாக.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றான் இசக்கிமுத்து.

பெட்டியைத் திறந்தான். நட்டைத் தளர்த்தி ஒயரை உருவினான். டேப் சுற்றினான். யாருக்கோ துரோகம் செய்வது போல இருந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்ம்' என்று எழுந்தது. முன்வரிசையில் தலைகள் ஆட ஆரம்பித்தன. வேங்கடசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான், இதுதான்" என்று பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார்.

கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தது. இசக்கிமுத்து பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து, இடைவேளையில் தளர்த்திய நட்டை ஒயர் இல்லாமலே முறுக்கிக்கொண்டிருந்தான். இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காரியதரிசி சால்வையை மடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"மிச்ச நாளும் நீதான். முடிவு பண்ணியாச்சு."

"சரிங்க சார்."

"ஒண்ணு மட்டும். நாளைக்குப் பாடறது பொம்மனாட்டி. அஞ்சரைக் கட்டை சுருதி. உன் செட்டோட தம்புராவைக் கொஞ்சம் மேலே ஏத்தி வச்சுடு."

இசக்கிமுத்து நிமிர்ந்து பார்த்தான். அது கரண்டின் சத்தம்; அதை ஏற்ற வேண்டுமானால் பவர் ஹவுசில் ஓடுகிற இயந்திரத்தை வேகமாகச் சுற்றச் சொல்ல வேண்டும். பம்பாய் முழுக்க ஃபேன்கள் பறக்கும்.

"ஏத்திரலாம் சார்" என்றான். "கைப்பிடியை ஒரு சுத்து இறுக்கணும், அவ்வளவுதான்."

"இப்பவே இறுக்கு. கேக்கறேன்."

இசக்கிமுத்து ஸ்பேனரை வைத்து, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இன்னும் ஒரு முறை அழுத்தினான். அது அசையவில்லை. வேங்கடசுப்ரமணியன் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"ம்" என்றார். "ஏறறது."