பொடி என்ற சொல்

என் வீட்டுக்காரர் கோணாமலைக்கு ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைக் கிளறுவது ஒரு பைத்தியம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது போதாதென்று வீட்டிலும் விடமாட்டார். "கறி நைஸ்" என்று மகன் சொன்னால், நைஸ் என்றால் ஒரு காலத்தில் மடையன் என்று அர்த்தம் என்பார். சோறு ஆறிப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடல் எங்கள் ஊர் செட்டிபாளையத்துக்குள் புகுந்த ஞாயிறு காலையில், எங்கள் ஒரே மகன் மதுரன் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போயிருந்தான். நாங்கள் வாவிப் பக்கம் ஓடித் தப்பினோம். அவனைக் காணவில்லை. மறுநாள், நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அயல்வீட்டுச் சீனித்தம்பி சைக்கிளில் வந்தார்.

"பொடி ஆஸ்பத்திரியில இருக்கு, மாஸ்டர். போய்ப் பாருங்க."

பையன்களைப் பொடி, பொடியன் என்றுதான் நாங்கள் சொல்வது. பிள்ளை கிடைத்துவிட்டான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாரிடமோ கெஞ்சி அவன் போட்டுக்கொள்ள ஒரு சேட்டு வாங்கிக்கொண்டேன்.

லொறியில் போகும்போது இவர் வாய் ஓயவில்லை.

"இங்கிலிஷ்லயும் பொடி எண்டு ஒரு சொல் இருக்கு, மங்கை. உடம்பு எண்டு அர்த்தம். எங்கிருந்து வந்த சொல் எண்டு ஆருக்கும் சரியாத் தெரியா. முந்தி உசிரோட நடமாடுற ஆளையும் வெள்ளைக்காரன் அப்படித்தான் சொன்னவன். அதான் இப்பவும் சம்பொடி, நோபொடி எண்டுறம்."

"இந்த நேரத்திலயும் உங்கட இங்கிலிஷா?" என்று சிரித்தேன். இடிந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன், பாவி.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் கேட்டார்: "பொடி எடுக்க வந்தீங்களா?"

"ஓம், எங்கட பொடிதான். பேர் மதுரன்."

அவர் வார்டுப் பக்கம் திரும்பவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வரிசையாகப் பாய்கள். பிரேதத்தையும் நாங்கள் பொடி என்றுதான் சொல்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல். அவர் ஒரு பாயை விலக்கினார். என் பிள்ளை.

அழுகை வரவில்லை. இவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் திகைப்பே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சீனித்தம்பி சொல்லக்குள்ளயே விளங்கிட்டு."

"பிறகேன் என்னச் சிரிக்க விட்டீங்க?"

"நீ நம்பிச் சிரிச்சாய். அதப் பாத்து நானும் நம்பப் பாத்தன், மங்கை."

அத்தனை பேர் பார்க்க இவர் கன்னத்தில் அறைந்தேன். இவர் தடுக்கவில்லை. மறுபடியும் அறைந்தேன்.