மாமியார் மடிக்கணினி வாங்கிய கதை: நான் எழுதியபடியும் அவர் திருத்தியபடியும்

1

இது கட்டுரையாகப் பிறக்கவேண்டிய கதை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வார இதழ் 'வீட்டு இசைக்கூடத்துக்கு மடிக்கணினி வாங்குவது எப்படி' என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தது. எனக்கு இசை தெரியாது. ஆனால் மாமியாரைத் தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது பத்தியில் அத்தையை எடுத்துக்காட்டாக உள்ளே விட்டேன். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டுரை எழுந்து வெளியே போய்விட்டது.

தொடக்கத்துக்கு மூன்று முறை முயன்றேன்.

"மழை விடாது பெய்த அந்த மாலையில், அத்தையின் பழைய மடிக்கணினி தன் இறுதி மூச்சை"

மழை இல்லை. மாலையும் இல்லை. சனிக்கிழமை காலை பத்தேகால் மணி, நல்ல வெயில்.

"இசை என்பது மனித மனத்தின்"

இதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இது: பின்னறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, மூணாவது நிமிஷம் போச்சு!"

2

அத்தைக்கு அறுபத்தொரு வயது. முப்பது ஆண்டு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் வீட்டுப் பின்னறையைப் பிடித்துக்கொண்டார். துணி அலமாரிக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே ஒரு மைக், ஒரு விசைப்பலகை, ஏழு வயதான மடிக்கணினி. எதிரொலி வராமலிருக்கச் சுவரோடு சாத்திய பழைய மெத்தை. அங்கிருந்து தாலாட்டு வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வது நல்லது. இரும்புப் பட்டறைக்குக் காய்ச்சல் வந்தாற்போலிருக்கும் அத்தையின் தாளம்.

என் மனைவி தினமும் காலையில் பொதுக் குளத்துக்கு நீந்தப் போகிறவள். அவள் வாய் சும்மா இருக்குமா? அங்கே எட்டுப் பெண்களுக்கு இசைக்கு ஏற்ப நீந்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர் ஒருநாள் வீடு தேடி வந்தார். பின்னறையில் நின்றபடியே முழுசாகக் கேட்டார்.

"இதுதாம்மா வேணும். ஆனா ஒண்ணு. தண்ணிக்குள்ள ஸ்பீக்கர் இருந்தாலும், தலை உள்ள இருக்கும்போது கனமான டிரம் சத்தம் எங்க பிள்ளைங்களுக்குச் சரியா கேக்கல. கூர்மையா ஒரு சத்தம் வேணும். அதை வச்சுத்தான் எண்ணுவாங்க."

"எத்தனை நிமிஷம்?"

"நாலு. அடுத்த வாரம் புதன்கிழமைக்குள்ள குடுத்தாத்தான் பழக முடியும். சனிக்கிழமை போட்டி. இல்லன்னா போன வருஷப் பாட்டுக்கே நீந்தணும்." குரலைத் தாழ்த்தினார். "அதுக்குக் கடைசி இடம்தான் வந்துச்சு."

கூர்மையான சத்தத்துக்காக அத்தை சமையலறைக் கண்ணாடிக் குவளைகளை எல்லாம் வரிசையாக வைத்து, தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, கரண்டியால் தட்டிப் பதிவு செய்தார். இரண்டு நாள் நாங்கள் தேநீரைச் சூப்புக் கிண்ணத்தில் குடித்தோம். மொத்தம் அறுபத்து நாலு தடங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய அறுபத்து நாலு ஒலிகள். முப்பதைத் தாண்டியதும் பழைய பெட்டி திக்கத் தொடங்கியது. போதாதற்கு அதன் விசிறி. ஒவ்வொரு 'டிங்'குக்குப் பின்னாலும் ஒரு 'உஸ்ஸ்'. கடைசியில், போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை காலை திரை உறைந்து, சேமிக்காத மூன்றாவது நிமிடத்தையும் விழுங்கிவிட்டது.

மனைவி கதவருகே வந்தாள். "போன வருஷப் பாட்டே போதும்னு சொல்லிடலாமா அம்மா?"

அத்தை காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். "முப்பது வருஷம் மத்தவங்க பேசறதுக்கு லைன் போட்டுக் குடுத்தேன். இப்பத்தான் நான் பேசறதைக் கேக்க ஒருத்தி வந்திருக்கா. விட்டுடுவேனா?"

(இந்த வசனத்தை நான் கொஞ்சம் மெருகேற்றியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அப்படியேதான் சொன்னார். நான் மெருகேற்றியது அடுத்த பகுதியை. அதுதான் மாட்டிக்கொண்டது.)

3

ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து பதினொரு மடிக்கணினிகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன். எடை, விலை, திரை, வாங்கியவர்கள் தந்த நட்சத்திரம். திங்கட்கிழமை கடை திறந்ததும் போனோம். விற்பனையாளர் என் வயதுக்காரர். நேராக என்னிடம் வந்தார்.

"சாருக்கு எந்த மாதிரி வேலைக்கு?"

"சாருக்கு ஒண்ணும் வேணாம்," என்றார் அத்தை. "வாங்கறது நான்."

(முதல் வரைவில் இந்த விற்பனையாளரை வில்லனாக்கியிருந்தேன். இளக்காரச் சிரிப்பு, மெல்லும் சூயிங்கம் எல்லாம் கொடுத்தேன். படித்த அத்தை ஓரத்தில் எழுதினார்: 'பாவம் அந்த மனுஷன். நல்லாத்தானே பேசினார். உங்க கதைக்கு உப்பு வேணும்னா உங்க தலையில போட்டுக்குங்க.' போட்டுக்கொள்கிறேன்.)

என் அட்டவணையில் முதலிடம் ஒரு மெலிந்த வெள்ளிப் பெட்டிக்கு. விற்பனையாளரின் சிபாரிசு, விளையாட்டுக்காரர்கள் வாங்கும் கறுப்புப் பெட்டி. விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். "கடையிலயே பலசாலி இதுதாம்மா."

அத்தை கைப்பையைத் திறந்து உள்ளங்கையளவு வன்வட்டு ஒன்றை எடுத்தார். "இதுல என் பாட்டு இருக்கு. போன மூணாவது நிமிஷத்துக்குப் பதிலா ரெண்டாவதையே மறுபடி ஒட்டி வச்சிருக்கேன். இசை மென்பொருளும் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஓட்டிப் பாத்துட்டு வாங்கறேன்."

"அப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லையேம்மா..."

"இப்ப கேக்கறேன்ல?"

விற்பனையாளர் உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்தார். கடையில் எங்களைத் தவிர ஆளில்லை. சரி என்றார்கள். அத்தை அதோடு நிற்கவில்லை. கடையில் ஓடிய பாட்டை நிறுத்தச் சொன்னார். குளிர்சாதனத்தையும் நிறுத்தச் சொன்னார். பிறகு வெள்ளிப் பெட்டியில் தன் பாட்டை ஓடவிட்டு, அதன் முதுகில் காதை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது நிமிடத்தில் திக்கியது.

"நினைவகம் எட்டு ஜிபிதான்," என்றார் விற்பனையாளர். "இதுல உள்ளயே சேர்த்து ஒட்டியிருக்கும். பின்னால கூட்டவும் முடியாது."

என் அட்டவணையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

கறுப்புப் பெட்டி திக்கவில்லை. நாலு நிமிடமும் ஓடியது. ஆனால் ஒன்றரை நிமிடத்தில் அதன் விசிறி கிளம்பிவிட்டது.

"இது மடிக்கணினியா, தலைமுடி காய வைக்கிற மெஷினா?" என்றார் அத்தை. "படம் காட்டறதுக்குத்தான் இவ்வளவு பலமும். எனக்குப் படம் வேணாம், சத்தம் போதும். அந்தச் சத்தமும் என்னோடதா இருக்கணும், இதோடதா இருக்கக் கூடாது."

அப்போதுதான் கீழ்த்தட்டில், அச்சுப்பொறிகளுக்குப் பின்னால், என் கண்ணில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி

பொய். முதல் வரைவில் அதைக் கண்டுபிடித்தவன் நான். அத்தை சிவப்பு மையால் 'பொய்' என்று எழுதி இரண்டு கோடும் போட்டார். கண்டுபிடித்தவர் அவர்தான். போன வருடத்து மாடல், அலுவலகங்கள் வாங்குவது, செங்கல் போலத் தடிமன். பதினாறு ஜிபி நினைவகம், கூட்டிக்கொள்ள இன்னொரு இடமும் காலியாக இருந்தது.

ஓடவிட்டார். முதல் நிமிடம். இரண்டாவது. மூன்றாவதில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். விற்பனையாளரும்தான். வாசலில் ஒரு லாரி போனது, அது கேட்டது. பெட்டியின் விசிறி கேட்கவில்லை. நாலாவது நிமிடம் கடைசிக் குவளை 'டிங்' என்று ஒலித்து, ஒலித்து, தேய்ந்து, ஒன்றுமில்லாமல் ஆயிற்று. அதன் பின்னால் 'உஸ்ஸ்' இல்லை.

விற்பனையாளர் கைதட்டிவிட்டார். "இந்தப் பாட்டை எங்கேம்மா வாங்கலாம்?"

4

அடுத்த இரண்டு நாள்களைக் கதையில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு கதவும், அதன் பின்னால் கரண்டிச் சத்தமும் மட்டுமே என் கைவசம். அத்தை எல்லாக் குவளைகளையும் மறுபடி தட்டி, மூன்றாவது நிமிடத்தைப் புதிதாகச் செய்தார். பழையதைவிட நன்றாக வந்தது என்பது அவர் கட்சி. புதன்கிழமை காலை பயிற்சியாளர் கையில் பாட்டு இருந்தது.

சனிக்கிழமை குளத்தைச் சுற்றிப் படிக்கட்டில் உட்கார இடமில்லை. எட்டுப் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். தாளம் தொடங்கியது. பெண்கள் தலைகீழாக மூழ்கினார்கள். தண்ணீருக்கு மேலே பதினாறு கால்கள். ஒவ்வொரு 'டிங்'குக்கும் பதினாறும் ஒன்றாக மடிந்தன, ஒன்றாக விரிந்தன. கீழே, காதில் நீர் நிறைந்த இருட்டில், எட்டுப் பேரும் அத்தையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருத்தி நீரைக் கிழித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பினாள். படிக்கட்டு மொத்தமும் எழுந்து நின்றது. என் மனைவி என் தோளைக் குத்திய இடம் இரண்டு நாள் வலித்தது.

அத்தை மட்டும் எழவில்லை. கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஒலி அடங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். "ஒரு இடத்துலயும் திக்கல, மாப்பிள்ளை," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஈரம் இல்லை.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். மதிப்பெண் பலகை ஒளிரவேண்டும்.

முதல் முடிவு: முதலிடம். எட்டுப் பெண்களும் அத்தையைத் தூக்கிக் குளத்தில் (வேண்டாம். அத்தைக்கு நீச்சல் தெரியாது.)

இரண்டாவது முடிவு: மூன்றாமிடம், ஆனால் இசைக்கென்று ஒரு தனிப் பரிசு. (அப்படி ஒரு பரிசே கிடையாது.)

மூன்றாவது முடிவு: மறுபடியும் கடைசி இடம், ஆனாலும் (இந்த 'ஆனாலும்' என்ற சொல்லை நம்பி எத்தனை கதைகளை முடித்திருக்கிறேன்!)

உண்மையில் வந்த எண் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நீங்களே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால், பலகை ஒளிர்ந்து கூட்டம் கூச்சலிட்ட அந்த நேரத்தில் வேறொரு குழுவின் பயிற்சியாளர், ஈரச் செருப்போடு, படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி எங்களிடம் வந்தார்.

"இந்த மியூசிக் போட்டது யாரு?"

வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார். பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் துடைத்து, அந்த அம்மாவை உட்காரச் சொன்னார்.

"நான்தான். உங்ககிட்ட எத்தனை பேரு நீந்தறாங்க?"