எங்கள் ஹாலில் எல்கேஜி பி பிரிவு

எங்கள் ஹாலில் எல்கேஜி பி பிரிவு நடக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து நடக்கிறது.

பள்ளிக்கூடம் முதலில் தெருக்கோடியில்தான் இருந்தது. நல்ல பள்ளிக்கூடம் என்று பெயர் எடுத்ததும் நகர ஆரம்பித்தது. இஸ்திரி வண்டி நிற்கும் இடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்து மாவு மில். அதற்குப் பிறகு எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படி. யாரும் வாயைத் திறக்கவில்லை. பள்ளி பக்கத்தில் வந்தால் ஏரியாவுக்கே மதிப்பு என்றார் அசோசியேஷன் செயலாளர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன். ஹாலில் குழந்தைகள் ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

எங்கள் ஹால் சின்னது. சோபா போட்டால் டீப்பாய் போட முடியாது. பள்ளி வந்ததும் அது நீண்டுவிட்டது. இப்போது வாசற்கதவு எங்கோ தொலைவில் தெரிகிறது. பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது என் மனைவி கோகிலா கையில் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போகிறாள்.

இதெல்லாம் பழகிவிட்டது. எங்கள் மகள் ஆதிரைக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

ஆதிரை சமையலறை வாசலில் நின்றுகொண்டு பாடம் கேட்பாள். கையில் அவளுடைய பிளாஸ்டிக் கப் இருக்கும். கரடி படம் போட்டது. விளிம்பைக் கடித்துக் கடித்துத்தான் தண்ணீர் குடிப்பாள். கடிக்காதே என்று கோகிலா தினமும் திட்டுவாள். கப்பின் விளிம்பு முழுக்க அவளுடைய பல் தடம்.

ஒரு நாள் வானத்தின் நிறம் என்ன என்று மிஸ் கேட்டார். வகுப்பு முழித்தது. "ப்ளூ மிஸ்!" என்று ஆதிரை சமையலறையிலிருந்து கத்தினாள்.

மிஸ் என்னைப் பார்த்தார். "பேரண்ட்ஸ், ப்ளீஸ்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

எங்கள் தெருவில் குழந்தையின் பெயரை யாரும் முதலில் கேட்பதில்லை. எந்த ஸ்கூல் என்று கேட்பார்கள். பதில் திருப்தியாக இருந்தால் பெயரைக் கேட்பார்கள். ஆதிரையின் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பிரின்ஸிபால் மேடம் எங்கள் பரணில் உட்காருகிறார். பொங்கல் பானைக்கும் பழைய சூட்கேசுக்கும் நடுவில் அவருடைய மேஜை. பார்க்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஏறினால் தலை மட்டும்தான் உள்ளே போகும். எல்லாப் பெற்றோர்களும் தலையை மட்டும் நீட்டித்தான் பேசுகிறார்கள்.

"மேடம், எங்க பொண்ணுக்கு எல்கேஜில ஒரு சீட்," என்றேன்.

"குழந்தை எங்கேருந்து வர்றா?"

"இங்கேருந்துதான் மேடம். இது எங்க வீடு."

"அப்ப வரலையே."

"வர வேண்டியதே இல்ல மேடம். இங்கேயே இருக்கா."

"ஸ்கூலுக்கு வர்ற குழந்தைக்குத்தான் சார் சீட். இருக்கற குழந்தைக்கு இல்ல."

"வேணும்னா வெளியே கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கூட்டிட்டு வர்றேன் மேடம்."

"எந்த வீட்டுலேருந்து? அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னேன்.

"அது ஸ்கூல் அட்ரஸ். வீட்டு அட்ரஸ் சொல்லுங்க."

எனக்கு வேறு விலாசம் இல்லை. மேடம் என்னை இரக்கத்தோடு பார்த்தார். வீடு இல்லாதவர்களின் குழந்தைகளை இந்தப் பள்ளி எடுப்பதில்லை என்றார். இங்கே வருகிறவர்கள் எல்லாம் நல்ல குடும்பம் என்றார். இறங்கும்போது ஸ்டூலை எடுத்த இடத்தில் வைக்கச் சொன்னார். அது என் மாமனார் வாங்கிக் கொடுத்த ஸ்டூல். எடுத்த இடத்தில் வைத்தேன்.

எதிர் வீட்டுச் சபேசனின் மகனுக்கு இடம் கிடைத்துவிட்டது. சபேசன் பள்ளி மணியாகிவிட்டார். வங்கியில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். இப்போது எங்கள் பால்கனிக் கம்பியில் தொங்குகிறார். சுத்தமான வெண்கலம். பள்ளி ஆயா மரச்சுத்தியலால் அவரை அடிக்கிறார். தெருக்கோடி வரை கேட்கிறது. வங்கியில் அவர் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது.

நான் துணி காயப்போடப் போகும்போது அவரிடம் பேசுவேன்.

"வலிக்குதா சார்?"

"ஸ்டாஃப் கோட்டா," என்றார் சபேசன்.

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"முன்னாடியெல்லாம் பையன் நான் கூப்பிட்டா திரும்ப மாட்டான். இப்ப ஒரு சத்தம் விட்டேன்னா ஓடிப்போய் வரிசையில நிக்கறான்." அவர் லேசாக ஆடினார். "நீங்களும் ஏதாவது ஆயிடுங்க சார். கௌரவம் பாக்காதீங்க. எல்லாம் பிள்ளைங்களுக்காகத்தானே."

நான் ஷூ ஸ்டாண்டு ஆக முயன்றேன். வாசலில் மண்டிபோட்டுக் கைகளை நீட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் ஷூக்களை என் மேல் அடுக்கினார்கள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. மத்தியானம் பள்ளி வாட்ச்மேன் குனிந்து பார்த்தார்.

"மூச்சு விடறீங்க சார்," என்றார்.

நிராகரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே கோகிலா பேச்செடுத்தாள்.

"என்னங்க, இந்த ஸ்கூல் நமக்கு வேணாம். ரெண்டு தெரு தள்ளி கவர்மென்ட் ஸ்கூல் இருக்கு. அங்க டீச்சர் தங்கமா பாத்துக்கறாங்களாம். போய்க் கேட்டா சேத்துக்குவாங்க."

"கேட்டவுடனே சேத்துக்கற ஸ்கூலெல்லாம் ஒரு ஸ்கூலா?" என்றேன்.

"அவ படிக்கத்தானே போறா?"

"தெருவுல கேட்டா என்ன சொல்லுவ?"

கோகிலா தைலத்தை மூடி வைத்தாள்.

அடுத்த வாரம் ஷன்விகா என்ற குழந்தைக்கு அம்மை போட்டது. ஃபிரிட்ஜை ஒட்டி அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. சிவப்பு நாற்காலி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில், எங்கள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு இடம் சும்மா கிடந்தது.

யூனிஃபார்ம் தயாராக இருந்தது. எங்கள் தெருவில் குழந்தை பிறந்ததுமே யூனிஃபார்ம் எடுத்துவிடுவார்கள். ஆதிரைக்கு மாட்டிவிட்டேன். தலை வாரிவிட்டேன். சும்மா ஒரு நாள் உட்காரட்டும் என்று கோகிலாவிடம் சொன்னேன்.

"வேணாங்க," என்றாள்.

நான் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்தேன்.

மிஸ் பெயர் கூப்பிட்டார். குழந்தைகள் வரிசையாக எஸ் மிஸ், எஸ் மிஸ் என்றார்கள்.

"ஷன்விகா?"

ஆதிரை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"எஸ் மிஸ்," என்றாள் ஆதிரை.

"குட் கேர்ள்," என்றார் மிஸ்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெளியே சபேசன் யாரும் அடிக்காமலே ஒரு முறை ஒலித்தார்.

மத்தியானம் வேன் வந்தது. வேன் ஆயா குழந்தைகளை ரயில் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கவைத்தார். ஆதிரையின் கையைப் பிடித்தார். "வா ஷன்விகா, அம்மா தேடுவாங்க," என்றார்.

ஆதிரை போனாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

கோகிலா சமையலறையிலிருந்து ஓடினாள். ஹால் நீளம். ஃபிரிட்ஜைத் தாண்டி, கரும்பலகையைத் தாண்டி, எங்கள் கல்யாணப் போட்டோவைத் தாண்டி ஓடினாள். வாசலை அடைந்தபோது வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார்.

"பிக்கப் கார்டு இருக்கா மேடம்?"

"அது என் பொண்ணுப்பா!"

"எந்தப் பொண்ணு?"

"ஆதிரை. இப்பதான் வேன்ல ஏத்தினாங்க."

"ஆதிரைன்னு இந்த ஸ்கூல்ல யாரும் இல்லையே மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படி யாரும் இல்லை என்பது எங்களுக்கே தெரியும். வேன் திருப்பத்தில் மறைந்தது.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கோகிலா கீழே நின்று பிடித்துக்கொண்டாள். பிரின்ஸிபால் மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு சீட் வேணுமா, குழந்தை வேணுமா?"

"ரெண்டும் மேடம்."

"எல்லாப் பேரண்ட்ஸும் இதையேதான் சொல்றாங்க." அவர் பொங்கல் பானையின் மேல் பேனாவை வைத்தார். "குழந்தையக் கூப்பிட்டுக்கறதா இருந்தா தாராளமா கூப்பிட்டுக்கோங்க. வேன் டிரைவருக்கு ஒரு போன் போட்டாப் போதும். ஆனா சீட் போயிடும். வெளியே பாருங்க."

பார்த்தேன். மாடிப்படி முழுக்கப் பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் யூனிஃபார்ம் போட்ட குழந்தை. எல்லோரும் எங்கள் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் அசோசியேஷன் செயலாளரின் மருமகள் நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்," என்றேன்.

கோகிலா ஸ்டூலிலிருந்து கையை எடுத்தாள். நான் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. காய்கறி வண்டிக்காரர் கொத்தமல்லி சும்மா கொடுத்தார். செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சீட் வாங்கிட்டீங்களாமே! சொல்லவே இல்ல பாத்தீங்களா. பாப்பா பேரென்ன சார்?"

அந்தக் கேள்விக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஷன்விகா," என்றேன்.

"அழகான பேரு," என்றார் செயலாளர்.

கோகிலா அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டு வைக்கிறாள், எடுக்கிறாள். நான் வீட்டுக்குள் இருப்பது அவளுக்குத் தெரிகிற மாதிரியே காட்டிக்கொள்வதில்லை.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அசல் ஷன்விகா பள்ளிக்கு வந்தாள். முகத்தில் இன்னும் தழும்பு இருந்தது. ஷன்விகா ஏற்கனவே உள்ளே இருப்பதாகச் சொல்லி வாட்ச்மேன் அவளை விடவில்லை. அவளுடைய வீட்டிலும் யாரும் தேடவில்லை. அங்கே தினமும் வேனில் ஒரு ஷன்விகா போய் இறங்கிக்கொண்டிருந்தாள். கோகிலா குழந்தையைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு வந்து தயிர் சாதம் பிசைந்து ஊட்டினாள். மறுநாள் தலை வாரி, ரெண்டு தெரு தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். கேட்டவுடனே சேர்த்துக்கொண்டார்களாம். மத்தியானம் முட்டை போடுகிறார்களாம். குழந்தை பாட்டுப் பாடிக்கொண்டே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. நான் தெருவில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

எங்கள் மகள் தினமும் காலையில் வேனில் வருகிறாள். இரட்டைப் பின்னல் போட்டிருக்கிறாள். யாரோ நன்றாகத்தான் பின்னிவிடுகிறார்கள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சிவப்பு நாற்காலியில் உட்காருகிறாள். வகுப்பு நேரத்தில் பெற்றோர் குழந்தைகளோடு பேசக்கூடாது. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் சில நாள் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணால் பலகையைக் காட்டினேன். பலகையைப் பார்க்கப் பழகிவிட்டாள்.

இன்று இன்டர்வெல்லில் அவள் எழுந்து சமையலறைப் பக்கம் வந்தாள். கோகிலா தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஆன்ட்டி, தண்ணி," என்றாள் எங்கள் மகள்.

கோகிலா அலமாரியிலிருந்து கரடி கப்பை எடுத்தாள். தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். உள்ளே தோசை கருகிக்கொண்டிருந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

அவள் கப்பை வாங்கினாள். கரடியைப் பார்த்தாள். விளிம்பில் இருந்த பல் தடத்தைப் பார்த்தாள். தலையை அண்ணாந்து, கப்பைத் தூக்கிப் பிடித்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடித்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"தேங்க் யூ ஆன்ட்டி," என்று கப்பைத் திருப்பிக் கொடுத்தாள். பால்கனியில் சபேசன் ஒலித்தார். அவள் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

கோகிலா கப்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஈரமே இல்லை. தடவிக்கொண்டே நின்றாள்.

நான் வகுப்புப் பக்கம் திரும்பினேன்.

"பாத்தியா, என்ன டிசிப்ளின்," என்றேன். மிஸ் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.