மூன்றாவது கூப்பாடு

1

“உங்க பொண்ணுக்குத்தாங்க முதல் பரிசு. அதைப் போய் நீங்க—”

“பரிசை நீயே வச்சுக்க மிஸ்ஸு. எம் பொண்ணு பேரைக் குடு.”

“பேரை நான் என்ன பீரோவுலயா பூட்டி—”

“பெத்தவ கூப்புடுறேன், திரும்ப மாட்டேங்குது! நீ வச்ச பேரைச் சொன்னா மட்டும் சட்டுனு எந்திரிக்குது. இன்னா பண்ணே நீ?”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது. எண்ணூரிலிருந்து ராயபுரம் போகிற ஷேர் ஆட்டோவில், முதுகுக்குப் பின்னால் இரண்டு குரல்கள். முகங்களைப் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும்; முகமும் வீடும் பிறகு நானாக வைப்பது. திருவொற்றியூர்த் தேரடியில் இருவரும் இறங்கிவிட்டார்கள். சண்டை மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

2

அம்மாவுக்கு ஜெரினா என்று பெயர் வைத்தேன். டீச்சர், மோகனப்ரியா. ஏழாம் வகுப்புப் பெண், ஃபிர்தௌஸ்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பள்ளியில் அன்று சீன நாள். வகுப்பெங்கும் சிவப்புக் காகித விளக்குகள் ஆடிக்—’ (விட்டுவிட்டேன். யாருமே பேசவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் குச்சியால் வேர்க்கடலை எடுத்தார்கள், தூரிகையால் எழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு கழுத்திலும் ஒரு சீனப் பெயர் அட்டை. ஃபிர்தௌஸுக்கு ‘ஹாய் யென்’. கடல் பறவை என்றார் மிஸ். சொந்தப் பேருக்குத் திரும்பினால் அவுட்; கடைசிவரை திரும்பாதவருக்கு முதல் பரிசு. சீனப் பேரைச் சொன்னால் முதல் கூப்பாட்டிலேயே எழுந்து ‘தாவ்’ என்று சொல்ல வேண்டும். ‘இங்கே இருக்கிறேன்’ என்று அர்த்தம். கடைசி மணியில் மிஸ் ஒவ்வொருவரையும் சொந்தப் பேரால் கூப்பிட்டு அட்டையைக் கழற்றுவார், ஆட்டம் முடியும்.

அன்று மதியமே ஆலைப் பக்கமிருந்து கண்ணெரிகிற வாடை வந்து பள்ளியை விட்டுவிட்டார்கள்.* யார் பேரும் திருப்பிக் கூப்பிடப்படவில்லை. மற்ற பிள்ளைகள் தெருமுனையிலேயே அட்டையைக் கழற்றி விசிறினார்கள். ஃபிர்தௌஸ் கழற்றவில்லை.

* இதை மழை என்று மாற்றப் பார்த்தேன். வாடை இல்லாமல் எழுதினால் அந்தப் பக்கத்து வாசகர்கள் என்னை நம்பமாட்டார்கள்.

3

திங்கட்கிழமை ஜெரினா பள்ளிக்கே போய் மிஸ்ஸைக் கையோடு அழைத்து வருகிறாள். தேரடியிலிருந்து கடலோரம் நடக்கிறார்கள். பொழுது சாய்கிறது.

“சின்னப் பொண்ணு, பிடிவாதம்ங்க. நான் ஒரு தடவை கூப்ட்டா சரியாய்டும்.”

“பிடிவாதம்னா உன்னை ஏன் இட்டாறேன்? நாலு அறை வுட்டாப் போச்சு. நேத்து வெளக்கு வச்ச நேரம், பின்னாடி கடலோரக் கல்லாண்டேருந்து யாரோ அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டாங்க மிஸ்ஸு. இது ‘தாவ்’னு எந்திரிச்சுப் போவுது. தாப்பா போட்டுப் புடிச்சுகினேன்.”

மோகனப்ரியாவின் நடை தளர்ந்தது. “கூடப் படிக்கிற பசங்க யாராவது…”

“எங்க தெருவுல பொழுது சாஞ்சா முதல் கூப்பாட்டுக்கு ஒருத்தரும் ‘ஊம்’ கொட்ட மாட்டாங்க. மூணு தபா கூப்ட்டாதான் மனுசன். மத்தது ரெண்டோட நின்னுடும். நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும் இது. நீ இன்னாடான்னா முதல் கூப்பாட்டுக்கே எந்திரின்னு பழக்கி வுட்டுருக்கே!”

“நாங்க மாத்தூருங்க, அங்க கடலே கிடையாது,” என்றார் மிஸ், மெல்ல. “எனக்கு எப்படிங்க தெரியும்?”

4

ஒரு முடிவு எழுதினேன்: மிஸ் வாசலில் நின்று ‘ஃபிர்தௌஸ்’ என்கிறார், பெண் அட்டையைக் கழற்றிக் கொடுத்து, “பரிசு இன்னா மிஸ்?” என்கிறாள். (டீ போட எழுந்தேன். திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் நான் எழுதாத ஒரு பேர்— வேண்டாம்.)

இன்னொன்று: கல்மேல் உட்கார்ந்து கலாய்த்தது பக்கத்து வீட்டுத் தௌசீஃப். (நம்ப ஆசைதான். அது எந்தப் பையன் குரலாகவும் எனக்குக் கேட்கவில்லை.)

எனக்குக் கேட்பது இது. வீட்டில் பின்வாசல் திறந்திருக்கிறது. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களின் மேல், கடலைப் பார்த்தபடி ஃபிர்தௌஸ். ஜெரினா பின்வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஃபிர்தௌஸ்!” என்றார் மிஸ். திரும்பவில்லை.

“ஃபிர்தௌஸ், ஆட்டம் முடிஞ்சிடுச்சும்மா!”

கற்களுக்கு அப்பாலிருந்து யாரோ சொன்னார்கள்: “ஹாய் யென்.”

“தாவ்,” என்று ஒரு கல் கீழே இறங்கினாள் பெண்.

“ஹாய் யென்.”

இன்னொரு கல். அலை அவள் பாதத்தைத் தொட்டுப் போனது.

ரெண்டு ஆச்சு. ஜெரினா இரண்டாவது விரலை மடக்கினாள். ரெண்டோட நின்னுடும்.

5

இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் மூன்றாவதாக ஒரு வரி காதில் விழுந்துவிட்டது. ஜெரினாவின் குரல்தான், அவள் பேச்சுதான். வந்த திசை வீடா, கடலா என்றுதான் தெரியவில்லை. எந்த வரியானாலும் யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்துக்கொள்வது என் வழக்கம். இதற்குக் குறிக்க முடியவில்லை. எழுதாமல் விடலாம், விட்டால், பெற்றவள் கூப்பிடாமல் நின்றதாக ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன். யார் பேச்சு என்பதை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு மட்டும் வாசிக்க வேண்டாம்.

“கண்ணு, அம்மாதான் கூப்புடுறேன். வா.”